மனச்சோர்வும் கைப்பேசி வழி வைத்தியமும்

உடம்பில் நோய் என்றால் நாம் வெட்கப்படுவதில்லை. சர்க்கரை வியாதி என்றும், இரத்தக் கொதிப்பு என்றும், மூட்டுவலி என்றும் கல்லாப்பெட்டியின் பக்கத்தில் நின்றபடியே நாலு பேரிடம் சொல்லிக்கொள்கிறோம். யாராவது கைமருந்து சொன்னால் கேட்டுக்கொள்கிறோம். மனத்தில் நோய் என்றால் மட்டும் வாய் அடைத்துப்போகிறது. வியாபாரிக்கு இதில் மற்றவர்களுக்கில்லாத அச்சம் ஒன்றும் உண்டு. ‘இன்னாருக்குப் புத்தி சரியில்லையாம்’ என்று ஒரு பேச்சுக் கிளம்பிச் சிரம்பான் மொத்தக்கடைகள் வரை போய்விட்டால், சரக்குக் கடனுக்கு வருவது நின்றுபோகும்; பெண் கொடுக்க இருந்தவர்கள் யோசிப்பார்கள். ஆகவே, ஆஸ்பத்திரி வாசலில் தம்மை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று எண்ணி எண்ணியே நோயாளி வருஷங்களைக் கழித்துவிடுகிறார்.

கைப்பேசியின் மூலமாகவே கற்று, வீட்டிலோ கடையின் பின்கட்டிலோ இருந்தபடி செய்துபார்க்கக்கூடிய மனவைத்திய முறைகள் உலகில் பரவி வருகின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன, எங்கே பலிக்கின்றன, எங்கே பலிப்பதில்லை என்பதை இம்முறைப் பாடமாக எடுத்துக்கொள்வோம். நாம் வைத்தியர் அல்லோம். படித்தும் கேட்டும் அறிந்ததைக் கடைக்காரர் பாஷையில் சொல்கிறோம், அவ்வளவே.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். துக்கம் வேறு, மனச்சோர்வு என்னும் நோய் வேறு. யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தில் கண்பார்வை இழந்த வரலாறு திருக்குர்ஆனிலேயே வருகிறது. கதீஜா நாயகியாரும் அபூதாலிபும் மறைந்த ஆண்டுக்குத் ‘துக்க ஆண்டு’ என்றே சரித்திரத்தில் பெயர். துக்கப்படுவது ஈமான் குறைவு என்று சொல்வோர் இவ்விரண்டையும் மறந்து பேசுகிறார்கள். துக்கம் நாளடைவில் கரையும். நோய் தானாகக் கரையும் என்று நம்பியிருக்க முடியாது. இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டு கிடப்பது, அல்லது முன்பு பிடித்த காரியங்களில் பிடிப்பே இல்லாமல் போவது, இவற்றில் ஒன்றாவது இருந்து, கூடவே தூக்கம் கெடுதல், பசி மாறுதல், அசதி, கருத்து ஊன்றாமை, தன்னால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்ற எண்ணம், செத்தால் தேவலை என்ற நினைவு ஆகியவற்றில் பல சேர்ந்தால், வைத்தியர்கள் அதை நோய் என்கிறார்கள். ஆண்களிடம் இது பல சமயம் கோபமாக வெளிப்படும். கடைப் பையனிடம் சிடுசிடுப்பு, மனைவியிடம் எரிச்சல், வாடிக்கைக்காரரிடம் முகங்கொடாமை. பார்ப்பவர்கள் ‘பணத்திமிர்’ என்று பேசிக்கொள்வார்கள்.

மலேசிய சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு 2023-இல் கண்டபடி, 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழப் பத்து லட்சம் பேர், மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தனர். 2019-ஆம் ஆண்டு ஆய்வில் இது 2.3 சதவீதமாக இருந்தது. நான்கு ஆண்டில் இரு மடங்கு. இடையில் என்ன நடந்தது என்று வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் சாப்பாட்டுக்கடை நாற்காலிகளெல்லாம் மேசைமேல் கவிழ்ந்தன.

நம் செண்டாயானில் வேறொரு மாற்றமும் சேர்ந்துகொண்டது. பால்மரமும் செம்பனையும் நின்ற நிலத்தில் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்ற நகரமும், தொழிற்பேட்டையும், விமானப்படைத் தளமும் எழுந்துவிட்டன. தோட்டத்து லயங்களை நம்பிக் கடை வைத்த ஒருவரை எண்ணிக்கொள்வோம். பற்றுப் புத்தகத்தில் பெயர் வைத்திருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் குடிபெயர்கின்றன. சிலர் பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போகிறார்கள், சிலர் சொல்லாமல் போகிறார்கள். புது நகரத்துக்கு வந்தவர்கள் குளிர்சாதனக் கடைகளுக்குப் போகிறார்கள். இவருக்குத் தூக்கம் கெடுகிறது. காலையில் எழ மனமில்லை. ஆறு மணிக்குத் திறந்த கடையை எட்டுக்குத் திறக்கிறார். இரண்டு வாடிக்கைக்காரர்கள் குறைகிறார்கள். ‘பார்த்தாயா, இனி நம் கடைக்கு ஒருவரும் வரமாட்டார்கள்’ என்று மனம் சொல்கிறது. மறுநாள் ஒன்பது மணி ஆகிறது. கணக்கைத் திறந்து பார்க்கப் பயம். ஜும்ஆவுக்குப் போனால் யாராவது ‘வியாபாரம் எப்படி’ என்று கேட்பார்களே என்று கடைசி நேரத்தில் போய் முதல் ஆளாகத் திரும்பிவிடுகிறார்.

நோயின் சூட்சுமம் முழுவதும் இந்தச் சுழலில் இருக்கிறது. சோர்வு வருவதால் மனிதன் ஒதுங்குகிறான். ஒதுங்குவதால் நல்லது எதுவும் அவன் கண்ணில் படுவதில்லை. படாததால் சோர்வு கூடுகிறது. ஒதுங்கும்போது அந்த நேரத்துக்குச் சற்று நிம்மதியாகத்தான் இருக்கும்; கந்து வட்டிக்கு வாங்கிய பணம் கைக்கு வந்த அன்று இருக்கும் நிம்மதி அது.

சுழலை எங்கே அறுப்பது என்ற கேள்விக்குப் பழைய காலத்திலேயே நம்மவர் ஒருவர் விடை தேடியிருக்கிறார். இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்கு நாட்டவரான அபூஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர் (இறப்பு கி.பி. 934) உடலுக்கும் ஆன்மாவுக்கும் உரிய நலங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். காரணம் தெரிந்த துக்கத்தையும் காரணம் தெரியாமல் வந்து கவியும் துக்கத்தையும் அவர் தனித்தனியாகப் பிரித்தார். பின்னதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கக்கூடும், அதற்கு உடல் வைத்தியமும் வேண்டும் என்றார். மனம் தெளிவாக இருக்கும் நாட்களிலேயே நல்ல எண்ணங்களைச் சேகரித்து வைத்துக்கொண்டு, துன்பம் வரும்போது எடுத்துப் பயன்படுத்த வேண்டும், வீட்டில் முன்கூட்டியே மருந்து வாங்கி வைப்பது போல, என்பது அவர் கருத்து. கோலாலம்பூரில் உள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சூடான் நாட்டு மனோதத்துவ அறிஞர் மாலிக் பத்ரீ அந்நூலின் மனநலப் பகுதியை ஆங்கிலத்தில் ஆக்கித் தந்தார். ஓதிப் பார்ப்பதும் தாயத்துக் கட்டுவதும் தவிர நம் முன்னோரிடம் மனநோய்க்கு ஒன்றுமில்லை என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் ஆரன் பெக் என்ற வைத்தியர் 1960-களில் உருவாக்கிய முறையும் எண்ணங்களைச் சோதிப்பதையே அடிப்படையாகக் கொண்டது. அவருக்கும் அல்பல்கீக்கும் இடையே ஆயிரம் ஆண்டு. பிற்காலத்தில் இதிலிருந்து செயல் முறை ஒன்று தனியே கிளைத்தது. இன்று கைப்பேசியில் வரும் பாடங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டின் கலவைதான்.

செயல் முறையை முதலில் பார்ப்போம். மனம் சரியானதும் வேலை செய்வோம் என்று நோயாளி காத்திருக்கிறார். இம்முறை அதைத் தலைகீழாக்குகிறது: முதலில் சிறிய காரியம் ஒன்றைச் செய், மனம் பின்னால் வரும். பாடத்தின் முதல் வாரத்தில் ஒரு தாளில், எந்த நேரத்தில் என்ன செய்தோம், அப்போது மனம் எப்படி இருந்தது என்று மட்டும் குறிக்கச் சொல்வார்கள். குறித்துப் பார்த்தால், நாள் முழுவதும் ஒரே இருட்டு என்று நினைத்தது தவறு என்பது தெரியவரும். அஸருக்குப் பின் பேரப்பிள்ளையிடம் பேசிய பத்து நிமிடம் சற்று வெளிச்சமாக இருந்திருக்கும். அடுத்த வாரம் அத்தகைய நேரங்களைக் கூட்டும்படி ஒரு நாட்குறிப்புப் போடுவார்கள். காரியம் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். ‘கணக்கெல்லாம் முடிப்பேன்’ என்பது உதவாது. ‘நாளை லுஹருக்கு முன் ஒரு வாடிக்கைக்காரரின் பாக்கியை மட்டும் கூட்டிப் பார்ப்பேன்’ என்பது உதவும். ஐந்து நேரத் தொழுகை உள்ள நமக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. நாளை ஐந்தாகப் பிரித்து வைத்த கடிகாரம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஒவ்வொரு வக்துக்குப் பின்னும் ஒரு சிறு காரியத்தை மாட்டிவிடலாம். சூராவுக்கு நடந்து போய் ஜமாஅத்தோடு தொழுதால் நடையும் ஆயிற்று, நாலு பேர் முகமும் ஆயிற்று.

கேட்பதற்கு இது மிகச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் கோவாவில் சங்காத் என்ற ஸ்தாபனம் இதைப் பரீட்சித்துப் பார்த்தது. பத்து அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான சோர்வுடைய 495 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான வைத்தியம். ஒரு பாதிக்கு மட்டும், கூடுதலாக, மேற்சொன்ன செயல் முறை, ஆறு முதல் எட்டு அமர்வுகள். சொல்லிக்கொடுத்தவர்கள் வைத்தியர்கள் அல்லர்; பயிற்சி பெற்ற சாதாரண ஊர்க்காரர்கள். மூன்று மாதம் சென்று பார்த்தபோது கூடுதல் உதவி பெற்றவர்களில் 64 சதவீதத்தினர் நோயின் எல்லையைக் கடந்திருந்தனர். மற்றவர்களில் 39 சதவீதத்தினரே. 2017-இல் வெளியான இந்த ஆராய்ச்சி நேரில் நடந்தது, கைப்பேசியில் அல்ல. எனினும் நமக்கு இது முக்கியம். பட்டம் பெற்ற வைத்தியர் இல்லாமலே இம்முறையைச் சரியாகக் கற்பிக்க முடியும் என்பதற்கு இது அத்தாட்சி.

எண்ணங்களைச் சோதிக்கும் முறையோ பேரேடு எழுதிப் பழகிய நமக்குப் புதிதல்ல. ‘இனி ஒருவரும் நம் கடைக்கு வரமாட்டார்கள்’ என்ற எண்ணத்தை ஒரு பக்கத்தின் மேலே எழுதச் சொல்வார்கள். அது மெய் என்பதற்கு என்ன சாட்சி, ஒரு பத்தியில். மெய்யல்ல என்பதற்கு என்ன சாட்சி, எதிர்ப் பத்தியில். நேற்று இருபத்தேழு பேர் வந்ததாகக் கல்லாச் சீட்டு சொல்கிறது. சென்ற மாதம் தொழிற்பேட்டைப் பையன்கள் மூன்று பேர் புதிதாக வந்தார்கள். அதே வேளையில் லயத்து வாடிக்கை போனதும் மெய். கடைசியில் ஐந்தொகை எடுத்தால், ‘பழைய வாடிக்கை குறைந்துவிட்டது, புது வாடிக்கை சிறிது வருகிறது, அவர்களுக்கு வேண்டிய சரக்கு வேறு’ என்று வரும். இது இனிப்பான பொய்யல்ல. நஷ்டம் நஷ்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் முன்னதை நம்பியவன் கதவைச் சாத்துவான். பின்னதை எழுதியவன் என்ன சரக்கு வாங்கலாம் என்று யோசிப்பான். சோர்வுற்ற மனம் பற்றை மட்டும் எழுதி வரவை விட்டுவிடும் கணக்குப்பிள்ளையைப் போன்றது. அந்தக் கணக்குப்பிள்ளையை விரட்ட முடியாது; அவர் எழுதியதை மறுபடி ஒரு முறை கூட்டிப் பார்க்கலாம்.

நிற்க. இவையெல்லாம் கைப்பேசியில் எப்படி வரும்? ஒரு பாடம் வாரத்துக்கு ஒன்றாக, ஐந்து முதல் எட்டு வாரம் வரை திறக்கும். படமும் கதையும் குரலும் இருக்கும். வாரத்துக்கு ஒரு முறை கேள்விகள் கேட்டு நோயின் அளவைக் குறித்துக்கொள்ளும். உலகெங்கும் பெரும்பாலும் வழங்குவது ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பு, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் வைத்தியரிடம் போக வேண்டிய அளவு. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதில் சிறிது மதிப்பு வந்தாலும், மொத்தம் என்னவாயிருந்தாலும், ஒரு மனிதரிடம் உடனே பேச வேண்டும்.

இம்முறைகளில் பழையது ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் 2001-இல் வெளியிட்ட ‘மூட்ஜிம்’. 2004-இல் 525 பேரிடம் சோதித்தபோது சோர்வு குறைந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் பிரிட்டனில் 691 நோயாளிகளிடம் இதையும் இதுபோன்ற இன்னொன்றையும் கொடுத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்ட முடிவில், சாதாரண வைத்தியத்தைவிடக் கூடுதல் பலன் ஒன்றும் காணப்படவில்லை. காரணம் என்ன? பெரும்பாலோர் பாடத்தை முடிக்கவே இல்லை. ஒன்று இரண்டு திறந்து பார்த்துவிட்டுப் போட்டுவிட்டார்கள். அலமாரியில் இருக்கும் மருந்து நோயைத் தீர்க்காது அல்லவா? அதிலும் சோர்வு என்ற நோயின் குணமே எடுத்த காரியத்தை நடுவில் விடச் செய்வது.

எனவே ஆராய்ச்சி வேறு பக்கம் திரும்பியது. 39 பரீட்சைகளில் கலந்துகொண்ட 9,751 பேரின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து 2021-இல் பார்த்தார்கள். பாடத்துடன் ஒரு வழிகாட்டி மனிதரும் இருந்தால் பலன் அதிகம் என்று வந்தது. நோய் இலேசாக உள்ளவர்களுக்கு வழிகாட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை. நோய் நடுத்தரமாகவோ கூடுதலாகவோ உள்ளவர்களுக்குத்தான் வித்தியாசம்.

வழிகாட்டி என்றால் பெரிய ஆள் என்று எண்ண வேண்டாம். லெபனானில் அடைக்கலம் புகுந்த சிரிய நாட்டுச் சகோதர சகோதரிகளுக்காக உலகச் சுகாதார ஸ்தாபனம் ‘படிப்படியாக’ என்று பொருள்படும் பெயரில் ஐந்து பாடங்கள் அரபியில் செய்தது. சோர்வில் விழுந்து மீண்ட ஒருவரின் கதையாக அது நடக்கும். ஆணுக்கு ஆண் கதை, பெண்ணுக்குப் பெண் கதை என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வைத்தியர் அல்லாத, பயிற்சி பெற்ற ஒருவர் வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் பேசுவார் அல்லது எழுதுவார். 569 அகதிகளிடம் சோதித்து 2022-இல் வெளியிட்டார்கள். சோர்வு குறைந்தது, அன்றாட வேலைகள் செய்யும் திறன் கூடியது, மூன்று மாதம் கழித்தும் பலன் நின்றது. வீடும் நாடும் இழந்தவர்கள். கையில் இருந்தது ஒரு கைப்பேசி. இங்கும் நடுவில் விட்டவர்கள் பலர் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது? வைத்தியம் அதிகம் இல்லை. ‘சென்ற வாரம் நடக்கப் போகிறேன் என்றீர்களே, போனீர்களா? போகவில்லையா, பரவாயில்லை, என்ன தடுத்தது? பாதித் தூரம் வைத்துக்கொள்வோமா?’ என்று விசாரிப்பதுதான். யாரோ ஒருவர் கேட்கப்போகிறார் என்றால் மனிதன் செய்கிறான். வெள்ளிக்கிழமை பார்ட்னர் கணக்குப் பார்க்க வருவார் என்றால் வியாழன் இரவே பேரேடு சரியாகிவிடுவதில்லையா?

இப்போது எச்சரிக்கைகள். சாக வேண்டும் என்ற எண்ணம் ஓடுபவருக்கும், உண்ணாமல் பேசாமல் கிடப்பவருக்கும், இல்லாத குரல் கேட்பவருக்கும், சில காலம் சோர்வும் சில காலம் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வருபவருக்கும் கைப்பேசிப் பாடம் போதாது. அவர்களுக்கு வைத்தியர் வேண்டும், பலருக்கு மருந்தும் வேண்டும். சோர்வு நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை போதை தருவதன்று. பலன் தெரியச் சில வாரம் ஆகும். வைத்தியரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக்கூடாது. தூரம் தடையானால் அங்கேயும் கருவி உதவும். நம்மில் பலருக்குச் சொந்த ஊர்ப் பக்கமான புதுக்கோட்டை மாவட்டத்தில், சென்னை ஸ்கார்ஃப் ஸ்தாபனம் 2010-இல் ஒரு பேருந்தைக் கிராமம் கிராமமாக அனுப்பத் தொடங்கியது. சென்னையில் உள்ள மனநோய் வைத்தியர் பேருந்தில் உள்ள திரையில் தோன்றி நோயாளியிடம் பேசுவார். மருந்து பேருந்திலேயே கிடைக்கும்.

இன்னொன்று. கைப்பேசியில் மனநலம் என்று பெயர் போட்டு விற்பவை ஏராளம். சரக்கு எடுக்குமுன் மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் நாம் இதிலும் அப்படியே செய்ய வேண்டும். செய்தவர் யார்? பரீட்சித்துப் பார்த்தார்களா? நாம் எழுதும் அந்தரங்கத்தை எங்கே வைக்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள்? நிலைமை மோசமானால் ஒரு மனிதக் குரல் கிடைக்குமா? முதலிலேயே வருஷச் சந்தா கேட்பதை நாம் தொடமாட்டோம்.

‘இதெல்லாம் எதற்கு, துஆச் செய்து சபராக இருந்தால் போதாதா?’ என்று சிலர் கேட்கிறார்கள். துஆவும் சபரும் நமக்கு உயிர். ஆயினும் ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கற்பித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்து நாம். நோய்க்கு மருந்து தேடும்படியும் அவர்களே ஏவியிருக்கிறார்கள். செய்வினை என்று சொல்லி ஆயிரம் வெள்ளி வாங்குகிறவர்களிடம் போகிற பணத்தில், அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குச் சீட்டு எடுக்கும் குடிமகன் ஆயிரம் தடவை வைத்தியரைப் பார்க்கலாம். தற்கொலை முயற்சி மலேசியாவில் குற்றமாக இருந்தது. போலீசுக்குப் பயந்தே குடும்பங்கள் அதை மறைத்தன. அந்தச் சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது என்பதைப் பலர் இன்னும் அறியவில்லை. இனி உதவி கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

முதலாளிமார்களுக்கு ஒரு வார்த்தை. ஊரிலிருந்து நாம் அழைத்து வரும் பையன்கள் கடை மாடியில் தூங்குகிறார்கள். பகல் முழுவதும் வேலை, இரவு கைப்பேசியில் தாயின் முகம். பணம் அனுப்பும்வரை வீட்டில் எல்லாம் நலம் என்றே சொல்வார்கள். இவர்களும் நலம் என்றே சொல்வார்கள். ஒரு பையன் சாப்பாட்டை மீதம் வைக்கத் தொடங்கினால், இரவில் விழித்துக் கிடந்தால், ‘சோம்பேறி’ என்று வைவதற்கு முன் தனியே அழைத்து, ‘தம்பி, தூங்கினாயா?’ என்று கேட்க வேண்டும். சாகும் எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பதும் தவறன்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பது வைத்தியர்களின் அனுபவம். உண்டு என்றால் அன்று இரவு அவனைத் தனியே விடக்கூடாது. கத்தி, பூச்சிமருந்து ஆகியவற்றை எட்டாமல் வைத்துவிட்டு, 999 எண்ணை அழைக்க வேண்டும், அல்லது சிரம்பான் துவாங்கு ஜாஃபர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பேச மட்டும் ஒருவர் வேண்டுமானால், சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ எண் 15555. கோலாலம்பூர் பிஃரண்டர்ஸ் ஸ்தாபனம் இருபத்துநான்கு மணி நேரமும் 03-7627 2929 எண்ணில் கிடைக்கும். ஊரில் இருக்கும் குடும்பத்தாருக்கு இந்திய அரசாங்கம் 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். இவற்றைக் கடை மாடிச் சுவரில், பையன்கள் படுக்கும் இடத்தில், பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.